சி தரம் என்று ஆசைகாட்டி எஃப்பில் கொண்டுபோய் விட்டார்

லண்டனில் பழைய பிளாட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஹீட்டர் மாற்றக் கையெழுத்துப் போடமுதல் இதை வாசியுங்கோ. எனக்கு 5,000 பவுணுக்கு மேல் போய்விட்டது. காசு போனால் போகட்டும், பிளாட்டின் இபிசியும் (வீட்டின் எரிசக்திச் சிக்கனத்துக்கு ஏ முதல் ஜி வரை தரம் போடும் சான்றிதழ்) இறங்கிப்போச்சு.

ஈஸ்ட்ஹாமில் ஒரு விக்டோரியா காலத்து வீட்டின் மேல்மாடி, ஒரே படுக்கையறை. காஸ் இல்லை. எகானமி 7 என்ற மலிவு இரவு மின்சாரத்தில் ஓடும், உள்ளே செங்கலில் சூட்டைச் சேர்த்து வைக்கும் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர்கள்தான். இபிசியில் 43 புள்ளி, அதாவது ஈ. வாடகைக்கு விட அது போதும். ஆனால் 2030க்குள் சி கேட்பார்கள் என்ற கதை ஒருபக்கம், சான்றிதழின் 10 வருடம் முடியப்போவது மறுபக்கம். அவசரப்பட்டுவிட்டேன்.

ஹீட்டர் மாற்ற வந்தவர் எங்கட ஆள். "அண்ணை, இந்தச் செங்கல் பெட்டியளைக் கழட்டி எறியுங்கோ. ஜேர்மன் ரேடியேட்டர் போடுவம், நூறு வீதம் எஃபிஷியன்ட். சுவருக்கு உள்ளால இன்சுலேஷன் போர்டும் அடிச்சால் சி நிச்சயம்." போனிலேயே போட்டு நிற்பாட்டலாமாம். மயங்கிப்போனேன்.

நூறு வீதம் என்பது பொய்யில்லை. சந்தையில் வாங்கும் மலிவு ஹீட்டரும் இழுக்கிற கரண்டை முழுக்கச் சூடாகத்தான் மாற்றும். இபிசி புள்ளியோ, வீட்டைச் சூடாக்க எவ்வளவு காசு போகும் என்று பார்க்கிறது. இரவு மலிவு விலையில் சூட்டைச் சேர்த்து வைக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, பகல் விலையில் எரிவதை மாட்டினால் புள்ளி விழாமல் என்ன செய்யும்?

வேலை முடிந்து எடுத்த புது இபிசியில் 36 புள்ளி. எஃப். 2020 ஏப்ரலிலிருந்து, விலக்குப் பதிந்தால் தவிர, எஃப்பில் ஆளை வைத்திருக்கவே கூடாது. அபராதம் 5,000 பவுண் வரை போகும்.

சுவர் கதை இன்னும் மோசம். இபிசி அளக்க வந்த பெண் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு அடிக்கும்போது எடுத்த படமோ, விவரமான பில்லோ இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் இருந்த பில்லில் "பிளாட் வேலை" என்று ஒரே வரி. ஆதாரம் இல்லையென்றால் கட்டிடத்தின் வயதை வைத்துத்தான் போடுவார்களாம். சான்றிதழில் வந்தது: "செங்கல் சுவர், இன்சுலேஷன் இல்லை (அனுமானம்)". புதுப் பெயின்ட் மணம்கூடப் போகவில்லை.

ஹீட்டர் போட்டவருக்குப் போன் எடுத்துக் கேட்டால், "அது அவையின்ர சொஃப்ட்வெயர் பிரச்சினை, அண்ணை."

நீங்கள் முதலில் இபிசி அளப்பவரைக் கூப்பிடுங்கோ. எதை மாற்றினால் எத்தனை புள்ளி வரும் என்று கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. காஸ் இல்லாத பிளாட்டென்றால், சூட்டை அதிக நேரம் பிடித்து வைக்கும் புதுவகை ஸ்டோரேஜ் ஹீட்டரைப் பற்றியும் கேளுங்கோ. இப்போது நான் அதைத்தான் மாட்டப்போகிறேன், இரண்டாம் முறை காசு கொடுத்து. சுவரை மூடமுதல் படம் எடுங்கோ. பில்லில் போர்டின் பெயரும் தடிப்பும் இருக்கவேணும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பழைய பெட்டிகளை இரண்டு மாடிப் படி இறக்க, "செங்கல் பாரம், அண்ணை" என்று 150 பவுண் தனியாக வாங்கினவர்.