நைட் ஷிஃப்ட்டுக்கு ஆரஞ்சு கண்ணாடி: எது தேறும், எது தேறாது

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் கண்ணில் விழும் காலை வெயில்தான் முதல் வில்லன். சுமார் 480 நானோமீட்டர் அலைநீள நீல ஒளிக்கு விழித்திரையில் தனி செல்கள் உண்டு. அவை மூளையின் கடிகாரத்துக்கு ‘விடிந்துவிட்டது’ என்று தகவல் அனுப்ப, தூக்கம் வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் குறையும். பகல் தூக்கம் பாதியில் கலையும். அந்த ஒளியை மறிக்கத்தான் இந்தக் கண்ணாடி.

‘புளூ கட்’ என்று விற்கும் நிறமற்ற லென்ஸ் இதற்கு உதவாது. நீலத்தில் கொஞ்சத்தைத்தான் தடுக்கிறது. ஃபோன் திரையில் பளிச்சென்ற நீலப் படத்தை வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். கிட்டத்தட்ட கருப்பாகத் தெரிந்தால் வாங்கலாம். நீலமாகவே தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஃபிரேமில். ஒல்லியான ஃபிரேம் என்றால் பக்கவாட்டிலும் புருவத்துக்கு மேலும் வெளிச்சம் புகுந்துவிடும். முகத்தோடு வளைந்து ஒட்டும் ரகமே நல்லது. பவர் கண்ணாடிக்கு மேல் மாட்டும் மாடலும் உண்டு, கொஞ்சம் கனம்.

வெளியே வரும் முன்பே போட்டு, இருட்டாக்கிய படுக்கையறை வரை கழற்றாதீர்கள். வேலை நடுவே வேண்டாம், கண் சொக்கும். வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது. நிறங்களும் மாறித் தெரியும். பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் முழுப் பலன்.