பிடிஎம்எஸ் சில்லா, டெஃப்லான் குழாய்ச் சுருளா?

மருந்துத் தொகுப்பை, அதாவது வேதிவினைகளால் மருந்துச் சேர்மங்களை உருவாக்குவதை, நுண்பாய்ம முறையில் (மிக மெல்லிய கால்வாய்களில் திரவங்களை ஓடவிட்டு) கற்பிக்கத் தொடங்கும் ஆய்வகங்கள், பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பரில் கால்வாய்களை வார்த்துக் கண்ணாடியில் ஒட்டிய சில்லு, டெஃப்லான் குழாய்ச் சுருள் ஆகிய இவ்விரண்டுக்கும் இடையே தயங்குவதுண்டு.

செலவு: சில்லு செய்ய வார்ப்பச்சும், அதைக் கண்ணாடியோடு ஒட்டப் பிளாஸ்மா கருவியும் வேண்டும்; சுருளுக்குச் சில மீட்டர் குழாயும் இரு திரவங்களை ஒன்றுசேர்க்கும் ஒரு டி-இணைப்பியும் போதும். திரவத்தைச் சீராகத் தள்ளும் சிரிஞ்சு பம்பு இரண்டுக்கும் பொது.

தாக்குப்பிடித்தல்: வேறுபாடு பெரிதாகத் தெரிவது இங்கேதான். டொலுயீன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களை உறிஞ்சிப் பிடிஎம்எஸ் உப்புவதால், 0.1 மி.மீ. அகலமே உள்ள கால்வாய் உருக்குலைந்து, கண்ணாடியோடு ஒட்டிய விளிம்பும் பெயர்ந்துவிடுகிறது. தொகுப்பு வேதியியலில் இத்தகைய கரைப்பான்களைத் தவிர்ப்பது எளிதன்று. டெஃப்லான் இவற்றுக்கு அசைந்துகொடுப்பதில்லை. படிகம் அடைத்துக்கொண்டாலும், அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிட்டு வேறு குழாயைப் பொருத்தலாம்.

காட்சி: சில்லை நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், இரு சாயநீர்கள் கலக்காமல் அருகருகே ஓடும் அடுக்கோட்டத்தை மாணவர்கள் நேரில் காண்பார்கள். சுருளில் இது வாய்க்காது.

ஆகவே பாய்ம இயக்கத்தைக் கற்பிக்கச் சில்லும், வினைகளை நடத்திப் பழகச் சுருளும் ஏற்றவை. ஒன்றுக்கே நிதி இருப்பின் சுருளையே பரிந்துரைப்பேன்.