பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டர் ஆப்: 3 ஸ்டார்

ஈரோட்டில் பழைய நாணயம் சேர்க்கிறவன் நான். 'ஆண்டு 8' என்று மட்டும் பொறித்த பிரெஞ்சுச் செப்புக்காசு ஒன்று கைக்கு வந்தது. அது நம் கணக்கில் எந்த வருடம் என்று பார்க்கத்தான், புரட்சிக் காலண்டர் தேதியை இன்றைய தேதியாக மாற்றும் இந்த இலவச ஆப்பை இறக்கினேன்.

புரட்சிக் காலண்டருக்கு 1792 செப்டம்பர் 22 முதல் நாள். மாதம் எல்லாம் 30 நாள், வாரம் 10 நாள், வருடக் கடைசியில் 5 அல்லது 6 நாள் ஒட்டு. நம் சித்திரை 1 மாதிரியே அங்கேயும் வருடப்பிறப்பு முன்னே பின்னே நகரும். 8-ஆம் ஆண்டு 1799 செப்டம்பர் 23-ல் பிறந்தது. ஆப் சரியாகக் காட்டுகிறது. நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த அந்த ஆண்டு புருமேர் (இரண்டாம் மாதம்) 18-ஐப் போட்டால் நவம்பர் 9. சபாஷ்.

ஆனால் ஆண்டை மட்டும் கொடுத்தால் 1800 என்று ஒரே வருடத்தைத் தருகிறது. காசை 1799 கடைசியிலும் அடித்திருக்கலாமே! நாணயம் சேர்க்கிற எங்களுக்கு வேண்டியதே அந்த இரண்டு வருடமும்தான். 1806 ஜனவரி 1-ல் இந்தக் காலண்டரை மூட்டை கட்டிவிட்டார்கள். ஆப்போ அதற்கு அப்புறமும் கூச்சமில்லாமல் தேதி சொல்கிறது.

ஒவ்வொரு நாளின் பெயரையும் காட்டுவது அருமை. பெரும்பாலும் செடிகொடி, ஐந்தாம் நாளென்றால் விலங்கு, பத்தாம் நாளென்றால் கருவி. புருமேர் 10 கலப்பை. கொடுமுடிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமா பார்த்துவிட்டு, "நம்ம காடுகரைக்குப் போட்ட காலண்டராட்ட இருக்குது மாப்ள" என்றார்.

விளம்பரத் தொல்லை உண்டு. நெட்டை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்க.