ஓம் மீட்டரா, கணக்கா?

மின்தடையை அறிய மல்ட்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்து நேரடியாகப் பார்க்கலாம். அல்லது மின்சாரம் ஓடும்போது வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கலாம். சாதாரண ரெசிஸ்டருக்கு மீட்டரே போதும், வேலை சீக்கிரம் முடியும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அளந்தால் சரி.

இழை பல்பு விஷயம் வேறு. 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் பல்பின் தடை 12 ÷ 2 = 6 ஓம். அதையே அணைத்து, ஆறவிட்டு மீட்டரில் பார்த்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டலாம். இழையில் உள்ள டங்ஸ்டன் உலோகம் சூடேறினால் தடை பல மடங்கு கூடும். 12 வோல்ட்டின் வர்க்கத்தை அந்தக் குளிர்ந்த அளவால் வகுத்துத் திறன் கணக்கிட்டால் விடை நூறு வாட்டைத் தாண்டிவிடும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 24 வாட், அதுதான் உண்மை. சூடாகும் எதற்கும் என் ஓட்டு கணக்குக்கே. மாறுமின்னோட்டத்தில் (ஏசி) ஓடும் மோட்டார் போன்றவற்றுக்கு இந்தப் பெருக்கல் அப்படியே பொருந்தாது. திறன் காரணியாலும் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மைத் திறன் என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும்.