சாம்பிளுக்கு சேதாரம் இல்ல, கன்னுக்குத்தான்: நாலு வருஷ எக்ஸ்ஆர்எஃப் அனுபவம்

நேத்துதான் சர்வீஸ்லேர்ந்து என் எக்ஸ்ஆர்எஃப் கன் (எக்ஸ்ரே அடிச்சு உலோகத்துல என்னென்ன தனிமம் இருக்குன்னு சொல்ற கைக்கருவி) திரும்பி வந்துச்சு, திரும்பி வர்ற எக்ஸ்ரேய அளக்குற டிடெக்டரை மாத்திருக்காங்க, நாலு வருஷத்துல இது ரெண்டாவது தடவை. சரியா இந்த நேரம் பாத்து நண்பர் ஒருத்தர் "எக்ஸ்ஆர்எஃப் கன் வாங்கலாமா"ன்னு கேக்குறார். கடுப்புலதான் டைப் பண்றேன், பொறுத்துக்கோங்க.

என் வேலை பைப், வால்வு, போல்ட் எல்லாம் சொன்ன கிரேடுதானான்னு பாக்குறது. முன்னாடில்லாம் சந்தேகம் வந்தா ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பிட்டு தேவுடு காக்கணும். இப்ப கன்னோட மூக்கை வெச்சு ட்ரிகரை அழுத்தினா சில செகண்ட்ல குரோமியம், நிக்கல் எத்தனை சதவீதம்னு வந்துடுது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மாலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல நின்னா 316 கிரேடு, அது இல்லன்னா 304. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு தடவை 316னு பஞ்ச் அடிச்சு வந்த ஒரு பெட்டி போல்ட்ல மாலிப்டினமே இல்ல, சப்ளையர் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே.

இப்ப கடுப்புக்கு வர்றேன். கன் முனையில சில மைக்ரான் கனத்துல ஒரு ஃபிலிம், அதுக்குப் பின்னாடி டிடெக்டரோட பெரிலியம் ஜன்னல், அதுவும் தலைமுடிய விட மெல்லிசு. மெல்லிசா இருந்தாத்தான் அலுமினியம், சிலிக்கான் மாதிரி லேசான தனிமத்தோட பலவீனமான எக்ஸ்ரே உள்ள போகும், அது புரியுது. ஆனா நாம சுடுறது என்ன பஞ்சு மெத்தையா? லேத் சுருள் ஒண்ணு, ஸ்ப்ரிங் மாதிரி நிமிந்து நின்னுச்சு, நான் கவனிக்காம அழுத்திட்டேன், டப்புனு ஒரு சின்ன சத்தம், உள்ள இருந்த வாக்யூம் போச்சு, டிடெக்டரும் காலி. சுருளுக்கு ஒரு கீறல் கூட இல்ல!

அப்புறம் இந்த 'நான்-டிஸ்ட்ரக்டிவ்'ங்கிற பேரு, அதாவது பொருளுக்கு சேதம் இல்லாத சோதனையாம். கால்வனைஸ் பண்ண, அதாவது ஜிங்க் பூசின பைப்பை அப்படியே சுட்டா ஸ்க்ரீன் முழுக்க ஜிங்க்தான், ஏன்னா இது பாக்குறது மேல்தோலை மட்டும். அடியில என்ன இருக்குன்னு தெரியணும்னா கிரைண்டர் எடுத்துத் தேய்க்கணும். 304ஆ, இல்ல கார்பன் கம்மியா இருக்குற 304எல்லானு கேட்டா கன் கைய விரிச்சுடும், கார்பனோட எக்ஸ்ரே சக்தி வெறும் 0.28 கேஇவி, ஜன்னலைத் தாண்டுறதுக்குள்ள செத்துடும். அதுக்கு ஸ்பார்க் ஓஇஎஸ் (தீப்பொறி அடிச்சு அதுல வர்ற ஒளிய வெச்சு அளக்குற மிஷின்) வேணும், அது சாம்பிள் மேல ஒரு பொட்டு கருக்கிட்டுத்தான் போகும்.

இன்னொண்ணு, லெட் (ஈயம்) நிறைய இருக்குற பித்தளையில ஆர்செனிக் காட்டுதுன்னு ஒரு நாள் பதறிட்டேன். ஒவ்வொரு தனிமமும் தனக்குன்னு சில எக்ஸ்ரே கோடுகளை விடும், அதுல லெட்டோட எல்-ஆல்ஃபா கோடு 10.55 கேஇவி, ஆர்செனிக்கோட கே-ஆல்ஃபா 10.54, எந்தக் கன்னாலயும் பிரிக்க முடியாது. லெட்டுக்கு 12.6 கிட்ட இருக்குற எல்-பீட்டாவப் பாத்து கணக்குப் போட்டுத்தான் தப்பிக்கணும். நம்பர மட்டும் நம்பாம, இந்தக் கோடெல்லாம் தெரியுற வரைபடமான ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பாக்குற பழக்கம் அன்னிக்குத்தான் வந்துச்சு, அதுக்கப்புறம் இந்த மிஷின் மேல ஒரு மாதிரி பாசமே வந்துடுச்சுன்னு வைங்க.

சின்னத் துண்டக் கையில பிடிச்சுக்கிட்டு சுடுறவங்கள நானே பாத்திருக்கேன். எக்ஸ்ரேங்க அது, டார்ச் லைட் இல்ல. ஸ்டாண்டுல வெச்சு சுடுங்க.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க, தேவைப்படுறப்ப வாடகைக்கு எடுத்துக்கோங்க. என் கன்னை மட்டும் இரவல் கேட்டுடாதீங்க, தரமாட்டேன்.