சிங்கப்பூர் போய் வேளச்சேரி வந்த பாக்கெட்: ரைப் அட்லஸ் புரோபுடன் பத்து வருடம்

எங்கள் வீட்டு ரவுட்டர் பக்கத்தில் 2015லிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "வைஃபை எக்ஸ்டெண்டரா சார்?" என்பார்கள். இல்லை, ரைப் அட்லஸ் புரோப், அதாவது இணையத்தில் தகவல் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கும் கருவி. இணைய முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்றான, ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைப் என்சிசி 2010ல் தொடங்கிய திட்டம் இது. விண்ணப்பித்தேன், இலவசமாக வந்தது. உலகம் முழுக்க இப்படி 12,000க்கும் மேற்பட்ட புரோப்கள் ஓடுகின்றன.

எத்தனை எம்பிபிஎஸ் வருகிறது என்று பார்க்க நினைத்தால் ஏமாந்து போவீர்கள். இது வேகத்தை அளக்காது, வழியைப் பார்க்கும். இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் ஏற்பாட்டின் உச்சியில் இருக்கும் டிஎன்எஸ் ரூட் சர்வர்களுக்கு நான்கு நிமிடத்துக்கு ஒரு பிங் (ஒரு சிறு தகவல் பொட்டலம், அதாவது பாக்கெட், போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளப்பது), அரை மணிக்கு ஒரு ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டுவது) என்று தானாக அனுப்பிக்கொண்டே இருக்கும். இணையத்தில் இன்று 75,000க்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள், ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக ஒரு ஏஎஸ் எண். யார் யாரோடு எங்கே கைகோத்திருக்கிறார்கள் என்பதற்கு முழு வரைபடம் யாரிடமும் கிடையாது. இப்படி எட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது, நண்பர் வீட்டு சர்வரில் பேக்கப் எடுக்கப்போன தொல்லையில். நான் இருப்பது நங்கநல்லூர், நண்பர் வீடு வேளச்சேரி. இருவருக்கும் வேறு வேறு இணைப்பு. அவர் வீட்டு சர்வருக்குப் பிங் போட்டால் 68 மில்லி செகண்ட்! ஸ்கூட்டரில் போனாலே கால் மணி நேரம்தான். ட்ரேஸ்ரூட்டில் முதல் சில ரவுட்டர்களின் பெயரில் 'எம்ஏஏ' என்றிருந்தது. அது நம் ஏர்போர்ட்டின் கோடு. ஊர் பெயர் மாறினாலும் ரவுட்டர்களில் மெட்ராஸ் மெட்ராஸ்தான். அடுத்த வரியில் 'எஸ்ஐஎன்'. அதாவது சிங்கப்பூர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

ஃபைபரில் ஒளி ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னை–சிங்கப்பூர் கடல் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி செகண்ட். எனக்கு வந்ததோ அதைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் பதில் பாக்கெட்டும் சிங்கப்பூர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ட்ரேஸ்ரூட் போகிற வழியை மட்டும்தான் காட்டும், திரும்புகிற வழியைக் காட்டாது. இங்கேதான் அட்லஸ் கைகொடுத்தது. புரோப் ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் 21,600 கிரெடிட் சேரும். அதைச் செலவழித்து, நண்பரின் நெட்வொர்க்கில் சென்னையிலேயே இருந்த யாரோ ஒருவரின் புரோபிலிருந்து என் வீட்டுக்கு ட்ரேஸ்ரூட் போடச் சொன்னேன். அதிலும் சிங்கப்பூர்.

காரணம் தூரமல்ல, வியாபாரம். இரண்டு நிறுவனங்களும் சென்னையில் நேரடியாக இணையாமல், பெரிய நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்கிய டிரான்சிட் (டிராஃபிக்கைக் கடத்திக் கொடுக்கும் சேவை) வழியாக வெளிநாட்டில் போய்ச் சந்தித்தன. உள்நாட்டு டிராஃபிக் உள்நாட்டிலேயே பரிமாறப்பட வேண்டும் என்றுதான் 2003லேயே, இணைய நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும் பொது மையமான நிக்ஸி வந்தது. ஆனால் அதில் யார் எந்த வழியைத் திறந்து வைக்கிறார்கள் என்பது அவரவர் கணக்கு. கஸ்டமர் கேருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். "மோடத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் கிராஃப் 68லிருந்து 4க்குச் சரிந்திருந்தது. யார் எதை மாற்றினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. ட்ரேஸ்ரூட்டில் நட்சத்திரக் குறிகள் நிறைய வரும். பதில் சொல்லாத ரவுட்டர்கள். நடுவில் ஒரு ஹாப் (வழியில் உள்ள ஒரு ரவுட்டர்) 180 மில்லி செகண்ட் காட்டி அடுத்தது 5 காட்டினால் பதற வேண்டாம். ரவுட்டருக்கு நமக்குப் பதில் சொல்வது கடைசி வேலை, பாக்கெட்டைக் கடத்துவதுதான் முதல் வேலை. ஒரே பெட்டி நான்கு முகவரியில் பதில் சொல்லி நான்கு பெட்டியாகவும் தெரியும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒருமுறை சோம்பேறித்தனமாக ரவுட்டரின் யூஎஸ்பியிலேயே பவர் எடுத்தேன், உள்ளே இருந்த பென்டிரைவ் கெட்டுவிட்டது. பென்டிரைவைக் கழற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வேறொன்றைச் செருகியதும் சரியானது. அதன் பிறகு தனி அடாப்டர்தான். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது மட்டும் கிராஃபில் நான்கு நாள் வெள்ளையாக இருக்கும். எங்கள் தெருவில் கரண்டே இல்லை.

இப்போது பெட்டிகூட வேண்டாம். வீட்டில் ராஸ்பெரி பை சும்மா இருந்தால் சாஃப்ட்வேர் புரோபாகவே போட்டுக்கொள்ளலாம். பெரிய நிறுவன இணைப்பு வைத்திருப்பவர்களைவிட, உள்ளூர் கேபிள்காரரிடம் ஃபைபர் வாங்கியவர்கள் போட்டால்தான் எனக்குச் சந்தோஷம். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் ஜன்னல் போதவில்லை.