மெடிகேர் ஃப்ளூ ஊசி: ரோஸ்டர் பில்லா, ஆளுக்கொரு கிளெய்மா?

செப்டம்பர் பிறந்தால், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இங்கிருந்து பில்லிங் செய்யும் சார்ஜ் என்ட்ரி (சிகிச்சை விவரங்களைக் கணினியில் பதியும்) மேசைகளில் ஃப்ளூ ஊசிக் கிளெய்ம்கள், அதாவது காப்பீட்டிடம் பணம் கேட்கும் விண்ணப்பங்கள், குவியும். மெடிகேர் என்பது பெரும்பாலும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு; அதில் மருத்துவர் சேவைக்கான பிரிவான பார்ட் பி-க்கு அவற்றை இரண்டு வழியில் அனுப்பலாம். ஒன்று, ஒரே சிஎம்எஸ்-1500 என்ற கிளெய்ம் படிவத்தோடு ஊசி போட்டவர்களின் பட்டியலை இணைக்கும் ரோஸ்டர். மற்றொன்று, ஆளுக்கொரு கிளெய்ம். கோட் இரண்டுக்கும் ஒன்றே: ஊசி போட்டதற்கு ஜி0008, நோய்க்குறிக்கு இசட்23, அதோடு மருந்தின் கோட். நோயாளி எந்த வழியிலும் பணம் கட்ட வேண்டியதில்லை.

முதியோர் இல்லத்திலோ தேவாலயக் கூடத்திலோ முகாம் போட்டு ஒரே நாளில் அறுபது பேருக்கு ஊசி போட்டால் ரோஸ்டர்தான் சரி. படிவத்தில் நோயாளி பெயர் வரும் இடத்தில் 'இணைத்த பட்டியலைப் பார்க்க' என்ற குறிப்பு, ஊசி போட்ட இடத்துக்கான கோட் 60 (தடுப்பூசி முகாம்), அசைன்மென்ட் (மெடிகேர் தரும் தொகையையே முழுக் கட்டணமாக ஏற்பது) கட்டத்தில் 'ஆம்'. பட்டியலில் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம், மெடிகேர் எண், கையொப்பம். கையொப்பம் ஏற்கெனவே கோப்பில் இருந்தால் அதைக் குறிக்கும் முத்திரை போதும். நிமோனியா ஊசியை இதே படிவத்தில் சேர்க்கக் கூடாது; அதற்குத் தனிப் படிவம், தனிப் பட்டியல். மேல் படிவத்தில் ஒரு கட்டம் தவறினால் அந்தத் தவறு அறுபது பேருக்கும் போய்ச் சேரும். அனுப்பும் முன் இன்னொருவர் கண் படட்டும்.

ரோஸ்டரில் அதிகம் அடிபடுவது மெடிகேர் எண். முகாமில் கையால் எழுதியதைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது ஓ எழுத்தா பூஜ்ஜியமா, ஐ எழுத்தா ஒன்றா என்ற குழப்பம் வரும். 11 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் எஸ், எல், ஓ, ஐ, பி (B), இசட் ஆகிய ஆறு எழுத்துகள் வரவே வராது. ஓ போல் தெரிந்தால் அது பூஜ்ஜியம். அடுத்த சிக்கல் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்கள். அவர்களைப் பட்டியலில் சேர்த்தால் டினையல் (மறுப்பு) தான். அந்த கிளெய்ம் அவரவர் திட்டத்துக்குப் போக வேண்டும். முகாமுக்கு முந்தைய நாளே எலிஜிபிலிட்டி (யாருக்கு எந்தக் காப்பீடு என்பதை) பார்த்துவிட்டால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

கிளினிக்கில் சர்க்கரை நோய்க்காக வந்தவருக்கு அப்படியே ஃப்ளூ ஊசியும் போட்டிருந்தால் தனிக் கிளெய்ம்தான் வழி. ரோஸ்டரில் வேறு சேவைக்கு இடமில்லை. மருத்துவர் பார்த்ததற்கான கோடுடன் மாடிஃபையர் 25 (ஊசியிலிருந்து தனியான சேவை என்று காட்டும் குறி) சேருங்கள். அது விடுபட்டால் அந்த வரிக்குப் பணம் வராது. தனியார் காப்பீடாக இருந்தால் ஜி0008 வேண்டாம், 90471 போட வேண்டும். பழக்கத்தில் மாற்றிப் போடுவது சீசன் தொடக்கத்தில் நிறைய நடக்கும்.

மருந்துக் கோடிலும் கவனம் தேவை. 2024-25 சீசனில் அமெரிக்காவில் எல்லா ஃப்ளூ ஊசிகளும் நான்கு வகைக் கிருமிக்கானதிலிருந்து மூன்று வகைக்கு மாறின. பழைய டெம்ப்ளேட்டில் 90686 (நான்கு வகை) அப்படியே இருந்தால் 90656 (மூன்று வகை) ஆக மாற்றுங்கள். முதியோருக்கான அதிக அளவு மருந்தான ஹை-டோஸுக்கு 90662.

ரோஸ்டர் குறைப்பது தட்டச்சை மட்டுமே, ஆவணத்தை அல்ல. தயாரிப்பாளர் பெயர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), போட்ட தேதி, போட்டவரின் பெயர், பதவி, முகவரி, நோயாளிக்குக் கொடுத்த தகவல் தாளின் பதிப்புத் தேதி, அதைக் கொடுத்த தேதி ஆகியவை எந்த வழியானாலும் நோயாளியின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். கூட்டாட்சிச் சட்டம் கேட்கிறது. லாட் எண்ணுக்கு ரோஸ்டரில் இடமே கிடையாது என்பதால் முகாம்களில் அதை எழுதாமல் விடுகிறார்கள். பிறகு அந்த லாட்டில் கோளாறு என்று தெரிந்தால், எந்த முதியவருக்குப் போட்டோம் என்று தேட வழியிருக்காது. முகாமுக்கு எடுத்துப் போகும் தாளிலேயே அதற்கு ஒரு பத்தி அடித்துக் கொடுங்கள்.

ஜனவரியில் போட்டவர் அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி வந்தால் தயங்காமல் அனுப்புங்கள். மெடிகேர் சீசனுக்கு ஒரு ஊசி என்றுதான் எண்ணுகிறது, காலண்டர் ஆண்டை வைத்து அல்ல.